இன்னோவா மாதிரி எம்பிவியா, உயரமான எஸ்யூவியா? வீட்டுக்கு கார் எடுக்கிறவங்களுக்கு முழு வழிகாட்டி

போன வருஷம் கார் மாத்தணும்னு முடிவு பண்ணதும் நாலு மாசம் மதுரையில இருக்கிற ஷோரூம் அத்தனையும் ஏறி இறங்கினேன். வீட்ல நாங்க ஆறு பேரு. நான், மனைவி, ரெண்டு பசங்க, அப்பா, அம்மா. அம்மாவுக்கு 68 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். நான் மனசுக்குள்ள எஸ்யூவினு முடிவு பண்ணிட்டுதான் கிளம்பினேன், பசங்களுக்கும் அதுதான் ஆசை. முதல் ஷோரூம்ல நின்ன வண்டியை எல்லாரும் சுத்திச் சுத்திப் பாத்துட்டு இருந்தாங்க, அம்மா பின் கதவைத் திறந்து வலது காலைத் தூக்கி உள்ள வச்சாங்க, அதோட சரி, உடம்பை மேல கொண்டு போக முடியல. சீட்டை ஒரு கையால பிடிச்சு, கதவை இன்னொரு கையால பிடிச்சு, மறுபடியும் முயற்சி பண்ணி, "நான் பரவால்லப்பா, நீங்க பாருங்க"ன்னு சொல்லிட்டு வெளிய பிளாஸ்டிக் சேர்ல போய் உக்காந்துட்டாங்க. அன்னைக்குதான் எனக்கு எப்படி தேடணும்கிறதே புரிஞ்சது. வண்டியில ஏற ரொம்ப கஷ்டப்படுற ஆள் யாரோ, அவங்ககிட்ட இருந்துதான் தேட ஆரம்பிக்கணும். இதையே பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா எழுதுறேன்.

முதல்ல பேரை தெளிவு பண்ணிக்குவோம்

அமெரிக்காவுல மினிவேன்னு சொல்றதை நம்ம ஊர்ல எம்பிவின்னு சொல்றாங்க. தரை தாழ்வா இருக்கும், உடம்பு நீளமா இருக்கும், மூணு வரிசை சீட்டு, ஆளுங்க உக்கார்றதுக்குனே டிசைன் பண்ணது. அங்க மினிவேன்னா பக்கவாட்டுல இழுத்துத் திறக்கிற கதவு இருக்கும். இங்க அந்த மாதிரி கதவு வேணும்னா ஒரு பக்கம் மாருதி ஈக்கோ, இன்னொரு பக்கம் கியா கார்னிவல் மாதிரி பெரிய வண்டி. கார்னிவல் 2024 அக்டோபர்ல புதுசா வந்தப்பவே 63.90 லட்சம், அதனால நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு அது பேச்சுலயே வராது. நம்ம நடைமுறைக்கு எம்பிவின்னா எர்டிகா, எக்ஸ்எல் 6, காரன்ஸ், ட்ரைபர், இன்னோவா கிரிஸ்டா, இன்னோவா ஹைகிராஸ், முக்கியமா இதுங்கதான். 2000ல வந்த குவாலிஸ், அதை எடுத்துட்டு 2005ல வந்த இன்னோவா, 2012ல வந்த எர்டிகா, இந்த மூணும்தான் நம்ம ஊர்ல பெரிய குடும்பம் ஒரே வண்டியில போறதை பழக்கம் ஆக்கினதுன்னு நான் நம்புறேன்.

எஸ்யூவியில ரெண்டு ஜாதி இருக்கு, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. கிரெட்டா, செல்டோஸ் மாதிரி அஞ்சு சீட்டு ஒண்ணு. சஃபாரி, எக்ஸ்யூவி 700, ஸ்கார்பியோ என், அல்கசார் மாதிரி ஆறு ஏழு சீட்டு இன்னொண்ணு. எம்பிவியோட நேரடியா மோதுறது இந்த ரெண்டாவது வகைதான், ஜனங்க ஏமாந்து போறதும் இங்கதான்.

படி 1: ஒரு மாசம் கணக்கு எழுதுங்க

ஷோரூமுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுத்து இப்ப இருக்கிற வண்டியில, வண்டி இல்லேன்னா ஆட்டோலயும் வாடகை கார்லயும், ஒவ்வொரு தடவையும் எத்தனை பேரு போனீங்க, யார் யாரு, எவ்வளவு தூரம், கூட என்ன சாமான் இருந்துச்சுன்னு ஒரு மாசம் எழுதிப் பாருங்க. பண்டிகை மாசமா இருந்தா இன்னும் நல்லது. நான் எழுதிப் பாத்ததுல ஆறு பேரும் சேர்ந்து போனது மாசத்துக்கு மூணு நாலு தடவை, அம்மாவும் அப்பாவும் இருந்த பயணம் பத்துக்கு மேல, ஆஸ்பத்திரி, பேங்க், கோயில், சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்னு. மண்ணு ரோட்டுல போனது ஒரே ஒரு தடவை, குலதெய்வம் கோயிலுக்கு.

உங்க நோட்டுல பெரும்பாலும் நாலு பேருதான் வருதுன்னா, அஞ்சு பேருக்கு மேல போறது வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான்னா, ஏழு சீட்டு வண்டியே வேண்டாம். அந்த ரெண்டு தடவைக்கு ஒரு டிராவல்ஸ் வண்டி வாடகைக்கு எடுத்துக்கலாம், நல்ல அஞ்சு சீட்டு எஸ்யூவி எடுத்து நிம்மதியா ஓட்டுங்க. சென்னையில இருக்கிற என் தம்பி வீட்ல மூணே பேரு, அவனுக்கு நானே கிரெட்டா அளவு வண்டிதான் சரின்னு சொன்னேன், 4330 மி.மீ நீளம், 433 லிட்டர் டிக்கி, அவன் தேவைக்கு தாராளம். மாசத்துல மூணு நாலு தடவையாவது ஆறு பேரு வர்றாங்கன்னா அடுத்த படிகளை பொறுமையா படிங்க.

படி 2: கால் தூக்குற உயரம்

எல்லாரும் கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவுன்னுதான் கேக்குறாங்க. அது வண்டியோட அடிவயித்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, நம்ம கால் தூக்குற உயரம் அது கிடையாது. கதவைத் திறந்ததும் கீழ ஒரு விளிம்பு இருக்கும் பாருங்க, அது தரையில இருந்து எவ்வளவு உயரம்கிறதுதான் வயசானவங்களுக்கு முக்கியம், அது பிரவுச்சர்ல எங்கயுமே இருக்காது. லேடர் ஃபிரேம் வண்டி, அதாவது லாரி மாதிரி கீழ தனி சட்டம் வச்சு மேல பாடி உக்கார வச்ச ஸ்கார்பியோ என் மாதிரி வண்டியில, சட்டத்துக்கு மேலதான் தரை வரும், அதனால உயரம் தானா கூடிடும். கிரிஸ்டாவும் லேடர் ஃபிரேம்தான், அதனால ஹைகிராஸ், எர்டிகா, காரன்ஸை விட கிரிஸ்டாவுல கொஞ்சம் கூடுதலா ஏறணும், இன்னோவான்னாலே ஒண்ணுதான்னு நினைச்சுட்டு போகாதீங்க.

நான் என்ன பண்ணேன்னா, வீட்டு சுவத்துல சாக்பீஸ் எடுத்து, அம்மா எதையும் பிடிக்காம வலி இல்லாம காலைத் தூக்கி வைக்கிற உயரத்தை கோடு போட்டேன். ஸ்டூல் மேல பலகை, அதுக்கு மேல இன்னொரு பலகைன்னு மாத்தி மாத்தி வச்சுப் பாத்ததுல 15 இன்ச் வரைக்கும் அவங்களால முடிஞ்சது, 17 இன்ச் வந்ததும் கை தானா சுவத்தைத் தேடுச்சு. அந்த 15ஐ மனசுல வச்சுக்கிட்டு இன்ச் டேப்போட ஒவ்வொரு ஷோரூமுக்கும் போய் விளிம்பை அளந்தேன். ரெண்டாவது ஷோரூம்ல சேல்ஸ் தம்பி என்னை ஒரு மாதிரி பாத்தாரு, மூணாவது ஷோரூம்ல இருந்தவரு தானே டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சுக்கிட்டாரு.

ஏறுறது மட்டும் இல்ல, உக்கார்ற உயரமும் பாக்கணும். சீட்டு இடுப்பு உயரத்துக்கு இருந்தா, முதுகைக் காட்டி நின்னு அப்படியே உக்காந்து, அப்புறம் காலை உள்ள திருப்பி வச்சுக்கலாம், முட்டிக்கு வேலையே இல்ல. சீட்டு அதை விட உயரமா இருந்தா எக்கி ஏறணும், பழைய செடான் கார் மாதிரி ரொம்ப தாழ்வா இருந்தா இறங்கும்போது முட்டி போட்டு எந்திரிக்கிற மாதிரி ஆயிடும். இது ரெண்டுக்கும் நடுவுல சரியா அமையுறது பெரும்பாலும் எம்பிவியிலதான்.

சைடு ஸ்டெப் மாட்டிக்கலாம்னு சொல்லுவாங்க. அது அகலமா, கால் முழுசா பதியுற மாதிரி இருந்தா உதவும். ஒடுக்கமா குழாய் மாதிரி இருக்கிறது மழையில வழுக்கும், சேலை கட்டினவங்க இறங்கும்போது கொசுவம் அதுல உரசி, தெறிச்சு ஒட்டியிருக்கிற சேறு மொத்தமும் சேலைக்கு வந்துடும். பட்டுச்சேலையோட கல்யாணத்துக்குப் போய் இறங்குற அம்மாவுக்கும் அத்தைக்கும் இது சின்ன விஷயம் இல்ல. பி பில்லர்ல, அதாவது முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவுல இருக்கிற தூண்ல, கைப்பிடி இருக்கான்னும் பாத்துக்கோங்க.

படி 3: மூணாவது வரிசையில நீங்களே உக்காருங்க

இதுதான் ரெண்டு வகை வண்டியையும் பிரிச்சுக் காட்டுற இடம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

சேல்ஸ்ல இருக்கிறவங்க மூணாவது வரிசையைக் காட்டும்போது ரெண்டாவது வரிசையை முன்னாடி இழுத்து வச்சிருப்பாங்க, இடம் தாராளமா தெரியும். முதல்ல டிரைவர் சீட்டை உங்க உயரத்துக்கு வச்சுக்கோங்க, அதுக்குப் பின்னாடி நீங்க வசதியா உக்கார்ற மாதிரி ரெண்டாவது சீட்டை வைங்க, அதுக்கப்புறம் மூணாவது வரிசைக்குப் போங்க. இந்த வரிசையில பண்ணாதான் உண்மை தெரியும். உக்காந்ததும் எந்திரிச்சு வந்துடாதீங்க, கால் மணி நேரம் உள்ளயே இருங்க.

தொடை சீட்டுல படுதான்னு பாருங்க. பெரிய எஸ்யூவி நிறைய வண்டியில பின்பக்கம் தரை உயரமா இருக்கும், கூரை உயரத்தையோ கூட்ட முடியாது, அதனால சீட்டை தரைக்கு ரொம்ப பக்கத்துல வச்சிருப்பாங்க. நம்ம முட்டி நெஞ்சுக்கு நேரா வந்துடும், குத்த வச்சு உக்காந்த மாதிரி. பசங்களுக்கு அரை மணி நேரம் ஓகே, திருச்செந்தூர் போயிட்டு வரணும்னா பெரியவங்களுக்கு இடுப்பு கழண்டுடும். எம்பிவியில தரை தாழ்வா இருக்கிறதால கால் கீழ தொங்குற மாதிரி உக்காரலாம். ஹைகிராஸ்ல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடு தூரம் 2850 மி.மீ, காரன்ஸ்ல 2780, எக்ஸ்யூவி 700ல 2750, சஃபாரியில 2741. எர்டிகா மொத்த நீளத்துல சஃபாரியை விட ஒரு முக்கால் அடிக்கு மேல சின்ன வண்டி, ஆனா அந்த நடு தூரம் 2740, கிட்டத்தட்ட சஃபாரி அளவு. இடம் எங்க போகுதுன்னு இதுலயே தெரியுது பாருங்க.

அடுத்து, உள்ள போற வழி. ரெண்டாவது சீட்டை எப்படி மடக்குறதுன்னு உங்க பையனோ பொண்ணோ ஒத்தையா பண்ணிப் பாக்கட்டும். காரன்ஸ்ல பட்டனை அழுத்தினா சீட்டு தானா மடங்கி முன்னாடி போயிடும், சில வண்டியில லிவரை இழுத்துப் பிடிச்சு தள்ளணும், பத்து வயசு பிள்ளைக்கு பலம் பத்தாது. நடுவுல கேப்டன் சீட்டு, அதாவது தனித்தனியா ரெண்டு சீட்டு இருந்தா இடையில நடந்து போயிடலாம், ஆனா ஒரு ஆள் குறைஞ்சிடும். எங்களுக்கு ஆறு பேருதாங்கிறதால கேப்டன் சீட்டு சரியா இருந்துச்சு, அம்மாவும் அப்பாவும் ஆளுக்கு ஒரு சீட்டுல கைப்பிடியோட உக்காந்துக்கிறாங்க. அடிக்கடி ஏழாவது ஆள் வருவாங்கன்னா நீள சீட்டு எடுத்துக்கோங்க.

ஏசியை மத்தியானம் வெயில்ல வண்டி நின்னதுக்கப்புறம் போட்டுப் பாருங்க, சாயங்காலம் டெஸ்ட் டிரைவ் போனா எல்லா வண்டியிலயும் குளுகுளுன்னுதான் இருக்கும். மூணாவது வரிசைக்கு தனி காத்து வருதா, இல்ல ரெண்டாவது வரிசை ஆளுங்க மேல பட்டு மிச்சம் வருதான்னு பின்னாடி உக்காந்தவங்கதான் சொல்லணும். சித்திரை வெயில்ல இது பெரிய வித்தியாசம்.

கார்ல போனா வாந்தி வர்ற பிள்ளை இருந்தா இன்னொரு விஷயம். மூணாவது வரிசை பின் சக்கரத்து மேலயோ அதுக்குப் பின்னாடியோ இருக்கு, குலுங்குறதும் ஆடுறதும் அங்கதான் அதிகம். கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறை மாதிரி 40 வளைவு ஏறுறப்ப அந்த பிள்ளையை ரெண்டாவது வரிசைக்கு மாத்திடணும். ஜன்னல் சின்னதா, உயரமா இருந்தா வெளிய பாக்க முடியாம குமட்டல் கூடும், எம்பிவியில பெரும்பாலும் பின் ஜன்னல் பெருசு. ரெண்டாவது வரிசையில அம்மா, அப்பா, வாந்தி வர்ற பிள்ளைன்னு மூணு பேருமே உக்காரணும்னா கேப்டன் சீட்டு வேலைக்கு ஆகாது, இதை முன்னாடியே யோசிச்சுக்கோங்க.

படி 4: டிக்கியில உங்க பெட்டியை வச்சுப் பாருங்க

ஏழு பேரும் உக்காந்ததுக்கப்புறம் டிக்கி எவ்வளவு? எர்டிகாவுல 209 லிட்டர், காரன்ஸ்ல 216. ரெண்டு சின்ன பெட்டி, ரெண்டு பை, அவ்வளவுதான் பிடிக்கும். ஸ்கார்பியோ என், எக்ஸ்யூவி 700ல மூணாவது வரிசையை நிமித்தி வச்சா கை பைகளைத் தவிர பெருசா ஒண்ணும் வைக்க முடியாது. ட்ரைபர்ல 84 லிட்டர், ஆனா அதுல மூணாவது வரிசை சீட்டைக் கழட்டி வீட்லயே வச்சுட்டு வரலாம், அப்ப 625 லிட்டர் ஆயிடும், நாலு மீட்டருக்குள்ள இருக்கிற வண்டிக்கு இது பெரிய விஷயம். சிஎன்ஜி எர்டிகா எடுக்கிறவங்க டிக்கியைத் திறந்து சிலிண்டர் எவ்வளவு இடத்தை சாப்பிடுதுன்னு நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

லிட்டர் கணக்கு எனக்கு எப்பவுமே மனசுல நிக்காது. அதனால எங்க வீட்டு பெரிய பெட்டி ஒண்ணு, அப்பாவோட வாக்கர், ஒரு 25 கிலோ அரிசி சிப்பம் அளவுக்கு ஒரு மூட்டை துணி, இதைத் தூக்கிட்டுப் போய் வச்சுப் பாத்தேன். சுப்பிரமணி சாமிக்கு பால்குடம் எடுக்கிற வீடா இருந்தா குடம் நிமிந்து நிக்குதான்னும் பாருங்க. டிக்கி விளிம்பு உயரமா இருந்தா ஒவ்வொரு தடவையும் வாக்கரைத் தூக்கி இறக்குறது உங்க முதுகுதான்.

படி 5: நீங்க போற ரோடு

எஸ்யூவிக்கு உண்மையிலேயே பலம் இங்க இருக்கு, அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். தோட்டத்து வீடு, குவாரி ரோடு, மலை கிராமம், தினமும் குண்டும் குழியுமா இருக்கிற பாதைன்னா உயரமான வண்டியும் பெரிய டயரும் உங்க தலைவலியை பாதியா குறைச்சிடும். ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும்.

ஒண்ணு, எஸ்யூவின்னாலே ஃபோர் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் பலம் போறது, கிடையாது. டீசல் சஃபாரியில அது இல்லவே இல்ல, எக்ஸ்யூவி 700, ஸ்கார்பியோ என்ல குறிப்பிட்ட டீசல் மாடல்லதான் வரும். நாங்க கும்பிடுற சாமி அருப்புக்கோட்டை பக்கம் கரிசக்காட்டுக்குள்ள இருக்கு. மழை பெஞ்சா அந்த மண்ணு டயர்ல அப்பம் அப்பமா ஒட்டி, டயர் கோடு எல்லாம் அடைச்சு, சக்கரம் வழுவழுன்னு ஆயிடும், அதுக்கப்புறம் எந்த டூ வீல் டிரைவ் வண்டியும் ஒண்ணுதான். சொந்தக்காரர் ஒருத்தரோட பெரிய எஸ்யூவியும் எங்க பழைய காரும் ஒரே இடத்துல பக்கம் பக்கமா மாட்டி, ரெண்டையும் ஒரே டிராக்டர்தான் இழுத்துச்சு.

ரெண்டு, ஏழு பேரு ஏறினா 450 கிலோவுக்கு மேல வந்துடும், பின்னாடி அமுங்கும், பிரவுச்சர்ல போட்ட கிரவுண்ட் கிளியரன்ஸ் அப்ப இருக்காது. நடு தூரம் நீளமா இருக்கிற எம்பிவியில, உயரமான ஸ்பீடு பிரேக்கர்ல முன் சக்கரம் இறங்கி பின் சக்கரம் ஏறுறதுக்குள்ள நடு வயிறு உரசும். உங்க தெருவுல இருக்கிற மோசமான ஸ்பீடு பிரேக்கர்ல, குடும்பம் மொத்தத்தையும் ஏத்திக்கிட்டு டெஸ்ட் டிரைவ் வண்டியை ஓட்டிப் பாருங்க, உரசுனா சாய்வா ஏத்திப் பாருங்க, அப்பவும் உரசுனா அந்த வண்டி உங்க தெருவுக்கு ஆகாது.

மலை ஏத்தத்துல கிரிஸ்டாவுக்கு ஒரு குணம் உண்டு. பின் சக்கரம் தள்ளுற வண்டிங்கிறதால ஆள் ஏற ஏற பின் டயர் ரோட்டை நல்லா கவ்வும், 2.4 லிட்டர் டீசலும் இழுக்கும், அதனாலதான் கொடைக்கானல் ஏறுற டிராவல்ஸ்காரங்க அதை விட மாட்டேங்கிறாங்க. 1.5 லிட்டர் பெட்ரோல் எர்டிகாவுல ஏழு பேரு, ஏசி, மலைன்னா கியரை இறக்கி இறக்கி ஓட்டணும், ஏறும், ஆனா பொறுமை வேணும்.

வெள்ளத்தைப் பத்தி சென்னைக்காரங்க கண்டிப்பா படிங்க. உயரமா இருக்குன்னு எஸ்யூவியை தண்ணிக்குள்ள இறக்காதீங்க. இன்ஜின் காத்து இழுக்கிற வாய் எந்த உயரத்துல இருக்குங்கிறதுதான் கணக்கு, அதுக்குள்ள தண்ணி போச்சுன்னா பிஸ்டன் தண்ணியை அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். தண்ணிக்குள்ள வண்டி நின்னுடுச்சுன்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, தள்ளி வெளிய கொண்டு வரணும். எந்த வண்டி எடுத்தாலும் இன்சூரன்ஸ்ல இன்ஜின் புரொடெக்ட் சேர்த்துக்கோங்க.

படி 6: வாசல், சந்து, பார்க்கிங்

கேட்டோட அகலத்தை அளந்து எழுதி வைங்க. சஃபாரி அகலம் 1922 மி.மீ, ஸ்கார்பியோ என் 1917, எக்ஸ்யூவி 700 1890, காரன்ஸ் 1800, எர்டிகா 1735. இது எல்லாம் கண்ணாடியை சேக்காம சொல்ற அளவு. அபார்ட்மென்ட்ல தூணுக்கு நடுவுல நிறுத்துறவங்களுக்கு வண்டி உள்ள போறது பெருசில்ல, போனதுக்கப்புறம் கதவை எவ்வளவு திறக்க முடியும்கிறதுதான் பிரச்சனை. முட்டி வலி இருக்கிறவங்களுக்கு கதவு முழுசா திறக்கணும். முடியலேன்னா அவங்களை வாசல்லயே இறக்கிட்டு அப்புறம் வண்டியை உள்ள விடுற மாதிரி இடம் இருக்கான்னு பாருங்க.

படி 7: பாதுகாப்பு

எஸ்யூவின்னா பலமான வண்டி, எம்பிவின்னா தகரடப்பான்னு ஒரு பேச்சு இருக்கு. வகையை வச்சு சொல்லவே முடியாது, மாடல் மாடலாத்தான் பாக்கணும். வண்டியை மோத விட்டுப் பாத்து ஸ்டார் குடுக்கிற குளோபல் என்கேப்ல எக்ஸ்யூவி 700 2021லயும் ஸ்கார்பியோ என் 2022லயும் 5 ஸ்டார் வாங்குச்சு, சஃபாரி 2023ல, அதே மாதிரி நம்ம நாட்டு டெஸ்டான பாரத் என்கேப்ல 5. அதே சமயம் 2022ல அப்ப இருந்த கிரெட்டாவுக்கு 3 ஸ்டார்தான். எம்பிவி பக்கம் பாத்தா எர்டிகா 2019ல 3, ட்ரைபர் 2021ல பெரியவங்களுக்கு 4, காரன்ஸ் 2022ல 3, ஹைகிராஸ் 2025ல பாரத் என்கேப்ல 5. டெஸ்டுக்கப்புறம் கம்பெனிக்காரங்க ஏர்பேக், சீட்டுன்னு மாத்தியிருப்பாங்க, அதனால நீங்க வாங்கப் போற மாடலுக்கு, அந்த தேதிக்கு என்ன ரேட்டிங்னு பாரத் என்கேப் தளத்துலயே பாத்துடுங்க.

ஸ்டாரோட நிக்காதீங்க. ஜன்னல் பக்கமா விரியுற கர்ட்டன் ஏர்பேக் மூணாவது வரிசை வரைக்கும் வருதா, அங்க ஹெட்ரெஸ்ட் இருக்கா, பெல்ட் எல்லாம் தோளோட சேத்து வர்ற மூணு பாயின்ட் பெல்ட்டான்னு கேளுங்க. குழந்தை சீட்டு மாட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கி பெரும்பாலும் ரெண்டாவது வரிசையிலதான் இருக்கும், ரெண்டு கைக்குழந்தை இருக்கிற வீட்ல ரெண்டு சீட்டையும் மாட்டினா தாத்தா பாட்டி மூணாவது வரிசைக்குப் போக வேண்டி வரும், அப்ப படி 2ல இருந்து மறுபடி யோசிக்கணும். உயரமான வண்டி திடீர்னு ஒடிச்சா சாயுற வாய்ப்பு தாழ்வான வண்டியை விட கூட, அதனால எஸ்யூவி எடுத்தா, வண்டி சறுக்காம பிடிச்சு நிறுத்துற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லாத மாடல் வேண்டாம். பசங்களை பின்னாடி பெல்ட் இல்லாம விளையாட விடுற பழக்கம் நம்ம வீடுகள்ல இருக்கு, தயவு செஞ்சு விட்டுடுங்க. மூணாவது வரிசைக்குப் பின்னாடி டிக்கி கதவுதான், வேற ஒண்ணும் கிடையாது.

படி 8: காசு

2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி மாறிடுச்சு. நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல் 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தா 18 சதவீதம், அதுக்கு மேல இருக்கிற பெட்ரோல், டீசல் வண்டிக்கு எம்பிவியோ எஸ்யூவியோ 40 சதவீதம். ட்ரைபர் விலை குறைஞ்சது இதனாலதான். அதுக்கு மேல தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் இருக்கு, 2023 நவம்பர்ல மாத்தினது. 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5ல இருந்து 10 வரைக்கும் 13, 10ல இருந்து 20 வரைக்கும் 18, 20க்கு மேல 20. இந்த எல்லையில நிக்கிற வண்டியா இருந்தா கவனம். 9.9 லட்சத்துக்கு 1,28,700 ரூபாய் வரி, 10.2 லட்சத்துக்கு 1,83,600. சன்ரூஃபுக்காக ஒரு வேரியன்ட் மேல போனா வரியிலயே 55 ஆயிரம் சேந்து போகும்.

மைலேஜுக்காக கூட காசு போடலாமான்னா உங்க ஓட்டத்தைப் பொறுத்தது. ஹைகிராஸ் ஹைப்ரிட்டுக்கு கம்பெனி சொல்றது 23.24 கி.மீ, நிஜத்துல ஓட்டுற விதத்தைப் பொறுத்து குறையும். ஒரு கணக்கு போடுவோம். மாசம் 1000 கி.மீ, பெட்ரோல் 100 ரூபாய், ஒரு வண்டி 12 தருது, இன்னொண்ணு 18 தருது. முதல் வண்டிக்கு 8,333 ரூபாய், ரெண்டாவதுக்கு 5,556, மாசம் 2,777 மிச்சம். விலை வித்தியாசம் 3 லட்சம்னா அதை எடுக்க 9 வருஷம் ஆகும். மாசம் 3000 கி.மீ ஓடுறவங்களுக்கு 3 வருஷம்தான். டீசல் எடுக்கிறவங்க, தினமும் ஸ்கூல், கடைன்னு நாலு கி.மீ மட்டுமே ஓட்டுறதா இருந்தா வேண்டாம், புகை வடிகட்டுற டிபிஎஃப் அடைச்சுக்கும், அது சுத்தமாக நெடுஞ்சாலையில கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடணும்.

படி 9: பழைய வண்டி எடுக்கிறதா இருந்தா

எம்பிவிக்கு ரீசேல் நல்லா இருக்கிறதுக்கு டிராவல்ஸ் தேவைதான் பெரிய காரணம், அதே காரணத்தாலதான் பழசு வாங்கும்போது ஜாக்கிரதையா இருக்கணும். டி போர்டா, அதாவது வாடகை வண்டியா ஓடினதை ஓன் போர்டா, சொந்த வண்டியா மாத்தி விக்கிறது உண்டு. பழைய வண்டி விக்கிற ஒரு கன்சல்டிங்ல நான் பாத்த வண்டியில மீட்டர் 62 ஆயிரம் காட்டுச்சு, ஆனா கிளட்ச் பெடல் ரப்பர் ஒரு ஓரமா தேஞ்சு இரும்பு தெரிஞ்சது, ஸ்டியரிங்ல கை பிடிக்கிற ரெண்டு இடமும் வழவழன்னு பளபளத்துச்சு, ரெண்டாவது வரிசை பெல்ட் நுனி நூல் நூலா பிரிஞ்சிருந்துச்சு. சர்வீஸ் ரெக்கார்டு கேட்டதும் பேச்சு மாறிடுச்சு, வந்துட்டேன். ஆர்சி வரலாறு, பர்மிட் ஏதாவது இருந்துச்சா, கம்பெனி சர்வீஸ்ல கடைசியா எத்தனை கி.மீ பதிவாகியிருக்கு, இந்த மூணையும் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. பழைய எஸ்யூவியா இருந்தா அடியில போய்ப் பாருங்க, தண்ணியில நின்ன வண்டின்னா சீட்டு ரெயில்லயும் பெல்ட் அடி பாகத்துலயும் துரு, சேறு தெரியும்.

"டிராவல்ஸ் வண்டி மாதிரி இருக்கும்"னு சொல்றவங்களுக்காக ஒரு வார்த்தை. எங்க வீட்லயும் அந்தப் பேச்சு வந்துச்சு, பசங்க ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாங்க. இப்ப எங்ககிட்ட இருக்கிறது ஆறு சீட்டு எம்பிவி. எந்த மாடல்னு சொல்லல, உங்க அளவு வேற, என் அளவு வேற. ஆனா என் அபிப்பிராயம் கேட்டா இதுதான்: தினமும் நாலு பேருன்னா அஞ்சு சீட்டு எஸ்யூவி, அடிக்கடி ஆறு பேரும் அதுல வயசானவங்களும்னா எம்பிவி, ரோடு மோசம், மூணாவது வரிசையில பசங்க மட்டும்தான்னா ஏழு சீட்டு எஸ்யூவி. எல்லாத்துக்கும் ஒரே வண்டின்னு ஏழு சீட்டு எஸ்யூவி எடுத்துட்டு மூணாவது வரிசையை ஒரு தடவை கூட திறக்காம வச்சிருக்கிற வீடு எனக்குத் தெரிஞ்சே மூணு இருக்கு.

படி 10: டெலிவரி அன்னைக்கு

டெஸ்ட் டிரைவுக்கு எல்லாரையும் கூட்டிட்டுப் போனீங்கன்னா பாதி வேலை முடிஞ்சது. எங்க அம்மா எட்டாவது ஷோரூம்ல, சாக்பீஸ் கோட்டை விட ஒரு இன்ச் கம்மியா இருந்த கதவுல, முதுகைக் காட்டி உக்காந்து காலைத் திருப்பி வச்சுக்கிட்டு, "கதவை சாத்துப்பா, ஏசி வருதா பாப்போம்"னாங்க. அன்னைக்கே புக் பண்ணிட்டேன்.

டெலிவரிக்கு முன்னாடி பகல் வெளிச்சத்துல பெயின்ட் பாருங்க, டயர்ல இருக்கிற நாலு இலக்க நம்பர்ல எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு பாருங்க, மூணு வரிசை பெல்ட்டையும் முழுசா இழுத்து விட்டுப் பாருங்க, மூணாவது சீட்டை மடக்கி நிமித்துங்க, ஜாக்கி, ஸ்டெப்னி எங்க இருக்குன்னு எடுத்துக் காட்டச் சொல்லுங்க. யார்டுல ரொம்ப நாள் நிக்கும்னு டயர்ல காத்து கூடவே அடிச்சு வச்சிருப்பாங்க, அப்படியே ஓட்டினா தூக்கித் தூக்கிப் போடும். டிரைவர் கதவு பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல ஆள் குறைவா இருக்கும்போது எவ்வளவு, ஃபுல் லோடுக்கு எவ்வளவுன்னு தனித்தனியா போட்டிருக்கும். ஸ்டெப்னியும் சேத்து சரி பண்ணச் சொல்லிட்டு, அப்புறமா எலுமிச்சம்பழத்தை சக்கரத்துக்கு அடியில வைங்க.